தெருவின் குணம் யார் சொத்து?



ஜார்ஜ் டவுனில் நாம் நாலு பேர் கூடினால் இப்போது பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. இன்ன கடை கைமாறிவிட்டது, இன்ன மாடியில் இருந்த குடும்பம் ஆயர் ஈத்தாம் பக்கம் போய்விட்டது, இன்ன மூலையில் தங்கும் விடுதி வரப்போகிறது என்பதே அந்தப் பேச்சு. பேசி முடித்து, "தெருவின் குணமே மாறிப் போச்சு" என்று ஒரு பெருமூச்சு விட்டுக் கலைகிறோம். பெருமூச்சு விடுவதற்குச் செலவு இல்லை. ஆகையால் அது நம்மிடையே தாராளமாகப் புழங்குகிறது.

ஆனால் யோசிக்க வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது. தெருவின் குணம் என்று நாம் சொல்வது எதை? அது யாருக்குச் சொந்தம்? அதைக் காப்பதற்கு என்று குடியிருப்போரும் கடைக்காரரும் சங்கம் கூடினால் அந்தச் சங்கத்துக்கு என்ன உரிமை உண்டு, என்ன உரிமை இல்லை? நாம் சட்டம் படித்தவர்கள் அல்லர். மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், கல்லாவில் உட்கார்ந்து கற்றதுமே நம் மூலதனம். அந்த மூலதனத்தைக் கொண்டு இக்கேள்விகளைச் சற்று நிறுத்துப் பார்ப்போம்.

சட்டம் காத்த காலம்

யுத்தத்துக்குப் பின் மலாயாவில் வீடு கிடைப்பது அரிதாக இருந்தது. அதனால் பழைய கட்டடங்களின் வாடகையை மனம் போனபடி உயர்த்தக் கூடாது, வாடகைக்காரரைத் தகுந்த காரணமின்றி வெளியேற்றக் கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது. 1966ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதை நிலைநிறுத்தியது. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு அச்சட்டம் பொருந்தியது. ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளில் பெரும்பாலானவை அதற்கும் முந்தியவை. ஆகவே நம் பட்டணத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளும் கடைகளும் அச்சட்டத்தின் நிழலில் இருந்தன.

அந்த நிழலில் பிழைத்தவர்கள் யார்? தொப்பி தைப்பவர், தையற்காரர், கிதாபுக் கடைக்காரர், பணம் மாற்றுபவர், காவடிக் கம்பில் தூக்கிச் சோறு விற்றுப் பிறகு ஒரு மேஜை போட்டு உட்கார்ந்த நாசி கண்டார்காரர், துறைமுகத்துக் கூலியாட்கள், சீனத் தச்சர், பெட்டி செய்பவர். கீழே கடை, மேலே குடித்தனம். ஒரு தெருவுக்குள்ளேயே பிறந்து, ஓதி, தொழில் கற்று, மணம் முடித்து, மையத்தாகியும் போனவர்கள் உண்டு.

அச்சட்டம் முழுக்க முழுக்க நியாயமானது என்று சொல்லிவிடவும் முடியாது. சொந்தக்காரருக்குக் கிடைத்த வாடகை ஓடு மாற்றவும் போதவில்லை. உத்திரம் உளுத்தது, சுவரில் ஆலங்கன்று முளைத்தது. சொந்தக்காரருக்குச் சொற்பம் கொடுத்த முதல் வாடகைக்காரர், அறை அறையாகத் தடுத்து உள்வாடகைக்கு விட்டு அதைவிட அதிகம் வசூலித்ததும் உண்டு. சாவி கைமாறுவதற்கென்று தனியாகக் காசு வாங்கியவர்களும் உண்டு. ஏழையைக் காக்க வந்த சட்டத்தில் ஏழை அல்லாதவரும் குளிர் காய்ந்தனர். தகப்பன் விட்டுச் சென்ற ஒரே கடைவீட்டை வைத்திருந்த விதவையின் கணக்கைப் பார்த்தால், அச்சட்டம் அவளுக்கு ஒரு அநீதிதான்.

ஆகவே சட்டத்தை எடுக்க வேண்டும் என்றவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. 1997ல் அதை ரத்துச் செய்யும் சட்டம் வந்தது. 1999 டிசம்பர் 31 வரை தவணை கொடுக்கப்பட்டது. 2000 ஜனவரி 1 முதல் வாடகையைச் சந்தை தீர்மானித்தது.

சுவர் நின்றது, ஆள் போனார்

ஐம்பது வருஷம் இறுக்கிக் கட்டிய கயிற்றை ஒரே நாளில் அறுத்தால் என்ன ஆகும்? வாடகை பல மடங்கு ஏறியது. கொடுக்க முடிந்தவர் கொடுத்தார். முடியாதவர் சாமான்களைக் கட்டினார். 'சேவ் அவர்செல்வ்ஸ்', அதாவது 'நம்மை நாமே காத்துக்கொள்வோம்' என்ற பெயரில் வாடகைக்காரர்கள் ஒன்று கூடி மகஜர் கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். 1986 முதல் பழைய கட்டடங்களுக்காகப் பேசிவந்த பினாங்கு ஹெரிடேஜ் டிரஸ்டும் பட்டணத்தின் உயிர் போய்விடும் என்று எச்சரித்தது. ஆயினும் தெருக்கள் காலியாயின.

அதன் பின் நடந்ததை வியாபாரிகளாகிய நாம் மறக்கக் கூடாது. மனிதர் வெளியேறிய வீடுகள் பலவற்றில் பறவை குடியேறியது. குருவிக் கூட்டுக்கு நல்ல விலை. எனவே ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, உள்ளே இருட்டாக்கி, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தை ஓடவிட்டு, கடைவீட்டைக் குருவிப் பண்ணையாக்கினார்கள். வீடு இருந்தது, கதவு இருந்தது, பழைய சித்திர வேலைப்பாடும் இருந்தது. அண்டை வீட்டாருக்கு மட்டும் ஓயாத சத்தமும் நாற்றமும் மிஞ்சின. பாரம்பரிய எல்லைக்குள் இருந்த பண்ணைகளை 2013 முடிவதற்குள் அகற்ற வேண்டும் என்று மாநில சர்க்கார் உத்தரவிட வேண்டியதாயிற்று.

2008 ஜூலை 7ல் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஜார்ஜ் டவுனில் நடுப்பகுதி 109 ஹெக்டேருக்குச் சற்று மேல், அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150 ஹெக்டேர். பட்டியலில் சேர்ந்த கையோடு, எல்லைக்குள் எழும்பவிருந்த நாலு உயர்ந்த கட்டடங்களைப் பற்றிச் சர்ச்சை மூண்டது. 18 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற வரம்பு உறுதிப்பட்டது. 2016ல் தனித் திட்டமும் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. இன்ன ஓடு, இன்ன சுண்ணாம்பு, இன்ன ஜன்னல் என்பதற்கெல்லாம் விதி வந்தது.

இவை யாவும் நல்லவையே. இவை வந்திராவிட்டால் பல தெருக்கள் இன்று இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். ஆனால் இந்த விதிகள் எதைப் பிடித்துக்கொண்டன? சுவரின் உயரத்தைப் பிடித்தன, ஓட்டின் நிறத்தைப் பிடித்தன. ஓட்டுக்குக் கீழே யார் இருக்கிறார் என்பதை அவை கேட்கவில்லை. ஆர்மேனியன் தெருவில் 2012ல் ஒரு வெளிநாட்டு ஓவியர் சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போவதுபோல் சுவரில் படம் வரைந்தார். அழகான படம்தான். அந்தப் படத்தின் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க உலகமெங்குமிருந்து ஜனங்கள் வருகிறார்கள். ஆனால் அந்தத் தெருக்களில் நிஜமாகவே சைக்கிள் ஓட்டிய பிள்ளைகளின் வீட்டார் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள்?

நம் முன்னோரின் பெயரையே தாங்கியிருக்கும் சூலியா தெருவையே பாருங்கள். நாகூர் தர்கா நிற்கிறது, அதன் சுவரோரச் சிறு கடைகள் நிற்கின்றன. மற்றப்படி அத்தெரு முதுகில் மூட்டை சுமந்து வரும் பிரயாணிகளின் விடுதிகளுக்கே இன்று பேர் போனது. பிரயாணி மேல் நமக்குக் கோபம் இல்லை. அவரும் நம் கடைக்கு வாடிக்கைக்காரர்தான். எனினும் அவர் மூன்று நாள் அண்டை வீட்டார். மூன்று நாள் அண்டை வீட்டார் யாருக்கும் ஜாமீன் நிற்க மாட்டார், யார் மையத்துக்கும் தோள் கொடுக்க மாட்டார்.

விலையில் தெருவின் பங்கு

இனி, சொந்தக்காரர் சொல்வதைக் கேட்போம். "பத்திரம் என் பெயரில் இருக்கிறது. வரியை நான் கட்டுகிறேன். ஓட்டை நான் மாற்றுகிறேன். நல்ல விலை வந்தால் விற்பேன். தெருவின் குணத்தை நான் ஏன் என் செலவில் காக்க வேண்டும்?"

இது லேசான கேள்வி அன்று. மார்க்கமும் சொத்துரிமையைப் பெரிதாக மதிக்கிறது. மதீனாவில் பள்ளிவாசல் கட்டத் தேர்ந்த நிலம் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமாயிருந்தது. சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றபோதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே வாங்கினார்கள் என்பதை மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். பள்ளிவாசலுக்கே இந்த நியாயமானால், தெருவின் அழகுக்காக ஒருவர் சொத்தை மற்றவர்கள் முடக்கிவைப்பது எப்படித் தகும்?

இதற்கு நம் தொழிலிலிருந்தே பதில் தேடலாம். ஒரு கடைவீட்டின் விலையைப் பிரித்துக் கணக்கெழுதுங்கள். செங்கல்லுக்கும் மரத்துக்கும் ஒரு தொகை. மண்ணுக்கு ஒரு தொகை. ஆனால் அதே செங்கல், அதே மரம், அதே அளவு மண்ணை யாரும் நடமாடாத ரப்பர்க் காட்டுக்குள் வைத்தால் அந்த விலை வருமா? வராது. மிச்சத் தொகை எங்கிருந்து வந்தது? அந்தத் தெருவில் நடந்தவர்களிடமிருந்து வந்தது. எதிர்க் கடைக்காரர் நேர்மையாக நிறுத்தார், அதனால் ஜனங்கள் அத்தெருவுக்கு வந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டினார், அதனால் தெருவுக்கு நடமாட்டம் வந்தது. மாடியில் குடியிருந்த குடும்பங்கள் இரவிலும் விளக்கெரித்ததால் தெருவில் திருட்டுப் பயம் இல்லாமல் இருந்தது. பள்ளியில் ஐந்து வேளையும் பாங்கு ஒலித்தது, கோயிலில் மணி ஒலித்தது, சீனக் கோயிலில் ஊதுவத்தி புகைந்தது. இவர்கள் எல்லோரும் சேர்ந்து, சம்பளம் இல்லாமல், அந்தக் கடையின் விலையை ஏற்றினார்கள்.

அப்படியானால் விலையில் ஒரு பகுதி தெருவுக்குப் பட்ட கடன். கடன் கொடுத்தவர்களில் பலர் கபுருக்குப் போய்விட்டார்கள். சிலர் இன்னும் பக்கத்தில் இருக்கிறார்கள். பற்று வரவில் கடன்காரர் பெயர் எழுதப்படவில்லை என்பதால் கடன் இல்லை என்று ஆகிவிடாது. நேர்மையான வியாபாரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது? விற்கவே கூடாது, வாடகையை ஏற்றவே கூடாது என்று சொன்னால் நாம் பழைய சட்டத்தின் அநீதிக்கே திரும்பிப் போகிறோம். மார்க்கச் சட்டம் ஒரு நடுவழியை வெகு காலத்துக்கு முன்பே காட்டியிருக்கிறது. ஷுஃப்ஆ என்று கிதாபுகளில் ஓதியிருக்கிறோம். நிலத்தை விற்கும்போது பங்காளிக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹப். ஹனஃபி மத்ஹபிலோ அவ்வுரிமை பங்காளியோடு நிற்காமல், பாதையில் பங்குள்ளவருக்கும், அடுத்த வீட்டாருக்கும் நீள்கிறது. நம்மில் இரண்டு மத்ஹபினரும் இருக்கிறோம். சட்ட நுணுக்கத்தை ஆலிம்களுக்கு விட்டுவிடுவோம். ஆனால் அதன் உட்பொருளை இருவரும் ஏற்கலாம்: சொத்து உன்னுடையதே, விலையும் உன்னுடையதே. ஆனால் அண்டை வீட்டாருக்குத் தெரியாமல் விற்றுவிடாதே. அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திக்கொண்டே இருந்ததைக் கேட்டு, அவரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணினார்கள் அல்லவா? வாரிசு ஆக்கப்படவில்லை. ஆனால் அந்நியராகவும் விடப்படவில்லை.

இந்நாட்டுச் சட்டத்திலும் இதன் சாயல் ஒன்று உண்டு. 1976ஆம் வருஷத்து நகர் கிராமத் திட்டச் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் ஒருவர் கட்டடம் எழுப்ப விண்ணப்பித்தால், அடுத்த நிலத்துச் சொந்தக்காரர்களுக்கு அறிவித்து அவர்கள் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் கவனியுங்கள், அறிவிப்புப் பெறுபவர் சொந்தக்காரர். முப்பது வருஷம் வாடகைக்கு இருப்பவருக்கு அந்தக் கடிதம் வராது. கோலாலம்பூரில் இருந்துகொண்டு வாடகை வாங்குபவர் அண்டை வீட்டார் ஆகிறார். தினமும் அந்த ஐந்தடியைக் கூட்டிப் பெருக்குபவர் அண்டை வீட்டார் ஆவதில்லை. சட்டம் விட்ட இந்த இடத்தைச் சங்கம் நிரப்ப வேண்டும்.

குணம் என்ற பெயரால் கொடுமை

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு பயத்தையும் சொல்லியாக வேண்டும். தெருவின் குணத்தைக் காக்கிறோம் என்று கிளம்பியவர்கள் எல்லோரும் நல்லவர்கள் அல்லர்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்ததைக் கேளுங்கள். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் உள்ளிட்ட இந்தியர் கொண்டுபோகப்பட்டனர். பின்னால் குஜராத்தி முஸ்லிம் வியாபாரிகளும் போனார்கள். உழைத்துச் சம்பாதித்தவர்கள் 1930களிலும் 1940களிலும் நல்ல தெருக்களில் வீடு வாங்கினார்கள். உடனே அத்தெருக்களின் வெள்ளைக்காரக் குடியிருப்பாளர்கள், இந்தியர் தங்கள் பேட்டைக்குள் ஊடுருவுகிறார்கள், பேட்டையின் குணம் கெடுகிறது என்று கூச்சலிட்டார்கள். 1943ல் டர்பனில் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் இடையே சொத்துக் கைமாறுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1946ல் அதைவிடக் கடுமையான சட்டம் வந்தது. அதை எதிர்த்து இந்தியர் சத்தியாக்கிரகம் செய்து சிறை போனார்கள். 1950ல் குடியிருப்புப் பகுதிகளை இனவாரியாகப் பிரிக்கும் சட்டம் வந்தது. பல தலைமுறை கட்டிய வீடுகளையும் கோயில்களையும் கடைகளையும் விட்டு ஜனங்கள் பெயர்க்கப்பட்டார்கள். தொடங்கியது என்னவோ தெருவின் குணத்தைப் பற்றிய முறையீட்டில்தான்.

அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரசபை 1880ல் ஒரு விதி செய்தது. மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த அனுமதி பெற வேண்டும், தீ அபாயம் என்றது. நல்ல காரணந்தான். ஆனால் அந்நகரின் சுமார் 320 சலவைக் கடைகளில் ஏறக்குறைய 240 சீனருடையவை. விண்ணப்பித்த சீனர் இருநூறு பேரில் ஒருவருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. மற்றவர்களில் ஒருவர் தவிர அனைவருக்கும் கிடைத்தது. 1886ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை அநீதி என்று தள்ளியது. தராசு சரியாக இருந்தாலும் கை கோணலாக இருந்தால் நிறுவை சரியாக இராது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

நம் கதையையும் எண்ணிப் பார்ப்போம். 1786ல் பிரான்ஸிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றிய பிறகு, நாலு திசையிலிருந்தும் ஜனங்கள் வந்து ஜார்ஜ் டவுனை உண்டாக்கினார்கள். முன்பு பிட் தெரு என்றும், இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்றும் வழங்கும் வீதியும் அதை ஒட்டிய சந்துகளும் இதற்குச் சாட்சி. 1801ல் தொடங்கிய நம் பள்ளிவாசல், 1818ல் எழுந்த ஸெயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனரின் குவான் யின் கோயில், குயின் தெருவில் 1833ல் எழுந்த மாரியம்மன் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. அன்று யாராவது ஒரு கூட்டத்தார் சங்கம் கூடி, "எங்கள் தெருவின் குணம் கெடும், புதியவர் வரக் கூடாது" என்று சொல்லியிருந்தால் நாம் இங்கே கடை விரித்திருக்க முடியுமா? வந்தவர்களால் ஆன குணம், வருபவர்களை விரட்டிக் காக்கப்படாது.

எனவே சங்கத்துக்கு ஒரு எல்லைக் கல் வேண்டும். புதிதாக வருபவரிடம் "நீ எப்படி நடந்துகொள்வாய்?" என்று சங்கம் கேட்கலாம். "நீ யார், எந்தச் சாதி, எந்த மதம், எந்த நாடு?" என்று கேட்கக் கூடாது. முதற் கேள்வி அண்டை வீட்டாரின் ஹக்கு. இரண்டாவது, டர்பனில் கேட்ட கேள்வி.

சங்கத்தால் ஆவதும் ஆகாததும்

நம் பட்டணத்திலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு. வெல்ட் கீ கடலோரத்தில் சீனக் குலத்தார் பலகை போட்டு வீடு கட்டி வாழும் ஜெட்டிகள் இருக்கின்றன. அவர்களுக்கு நிலப் பத்திரம் கிடையாது, தற்காலிக உரிமம்தான். 2006ல் கோய் ஜெட்டியும் பெங் ஆன் ஜெட்டியும் வீட்டுத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டன. மற்ற ஜெட்டிகள் 2008 பட்டியலால் தப்பின. தப்பிய பிறகு வேறொரு தொல்லை வந்தது. சுற்றிப் பார்க்க வருவோர் கூட்டம் வாசல் வரை நெருக்கியது. சியூ ஜெட்டியில் பார்வை நேரம் குறித்தும், வீட்டுக்குள் படம் பிடிக்கக் கூடாது என்றும் பலகைகள் வைத்தார்கள். வாசலில் சாமான் விற்றுப் பிழைப்பவரும் அங்கே உண்டு, கதவைச் சாத்தி நிம்மதியாகத் தூங்க விரும்புபவரும் உண்டு. இருவரும் ஒரே குலத்தார், ஒரே பலகை மேல் நடப்பவர். பத்திரம் இல்லாதவர்களும் கூடி நின்றால் தங்கள் வாசலில் ஒரு ஒழுங்கை வைத்துக்கொள்ள முடியும் என்பது இதில் பாடம்.

மற்ற உதாரணம் கசப்பானது. குளுகோர் பக்கம் கம்போங் புவா பாலாவில் மாடு வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. பழைய தோட்டத் துரையான பிரௌன் குடும்பத்தார் தங்கள் முன்னோருக்கு விட்டுச் சென்ற இடம் என்பது அவர்கள் வாதம். அந்த நிலம் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குக் கைமாறியது. குடியிருப்பாளர் சங்கம் கூடி வழக்காடி பெடரல் கோர்ட்டு வரை போனார்கள். தோற்றார்கள். 2009ல் கிராமம் இடிக்கப்பட்டது. பெரும்பாலான குடும்பங்கள் மாற்றாகக் கொடுத்த இரண்டடுக்கு வீட்டை ஏற்றுக்கொண்டன. வீடு கிடைத்தது. மாட்டுக்கொட்டிலும், மரத்தடியும், ஒன்றாகப் பொங்கல் வைத்த முற்றமும் கிடைக்கவில்லை. ஜார்ஜ் டவுன் உலகப் பட்டியலில் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து, அந்த எல்லைக் கோட்டுக்கு வெளியே இது நடந்தது. கைமாறிய பிறகு கூடும் சங்கம் வழக்குத்தான் போட முடியும். கைமாறும் முன்பே பேசும் சங்கம் வேறு வழி காண முடியும். நிலம் விற்பனைக்கு வரும்போதே முதலில் அங்கிருப்பவரிடம் சொல்லும் வழக்கம் இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. 1801ல் லெப்டினெண்ட் கவர்னர் ஸர் ஜார்ஜ் லீத் காலத்தில் நம் பள்ளிவாசலுக்குக் கிடைத்தது 18 ஏக்கர். கப்பித்தான் காதிர் முஹைதீன் அவர்கள் முன்னின்று பள்ளியை எழுப்பினார்கள். வக்பு என்றால் என்ன? விற்க முடியாதபடி, தானும் தன் மக்களும் பேராசைப்பட்டாலும் தொட முடியாதபடி, சொத்தைக் கட்டிவைத்துவிட்டுப் போவது. தெருவின் குணத்தைக் காக்க இதைவிட உறுதியான வழி எந்த நகரசபையும் கண்டதில்லை. ஆனால் வக்பும் மனிதர் கையில்தான் இருக்கிறது. பினாங்கில் வக்பு நிர்வாகங்களில் குறைகளும் சச்சரவுகளும் மலிந்ததால் 1905ல் சட்டம் செய்து, முகம்மதிய இந்து தர்ம போர்டிடம் சர்க்கார் பொறுப்பைக் கொடுத்தது. இன்று மினாரா நிற்கும் வளவு அந்த 18 ஏக்கரில் ஒரு சிறு பகுதியே. நாம் காக்காததை மற்றவர் காக்க வருவார். அவர் தம் கணக்குப்படிக் காப்பார்.

நம் வீட்டுக் கணக்கு

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறோம். நகரசபைக்கு மகஜர் எழுதுவது சுலபம். விடுதிக்காரரை ஏசுவது அதைவிடச் சுலபம். ஆனால் இந்தத் தெருக்களில் கடைவீடு வைத்திருப்பவர்கள் யார்? சீனர் இருக்கிறார்கள், வெளியூரார் இருக்கிறார்கள். நம்மவரும் இருக்கிறார்கள். வாடகைக்கு இருக்கும் நம்மவரை வெளியேற்றுகிற சொந்தக்காரர் சில சமயம் நம் ஸப்பில் தோளோடு தோள் நிற்பவர். அவரிடம் பேச நமக்கு வாய் வராவிட்டால், நகரசபையிடம் பேச நமக்கு என்ன முகம் இருக்கிறது?

ஆகவே சங்கத்தார் யோசனைக்கு நாலு காரியங்களை வைக்கிறோம்.

முதலாவது, கடைவீட்டை விற்கவோ வாடகைக்காரரை மாற்றவோ நினைக்கும் அங்கத்தினர், தரகரிடம் சொல்லுமுன் இருப்பவரிடமும் அடுத்த வீட்டாரிடமும் சொல்லட்டும். அவர்களுக்குச் சில மாதத் தவணை கொடுக்கட்டும். வாங்க முடிந்தால் அதே விலைக்கு அவர்கள் வாங்கட்டும். முடியாவிட்டால் விற்பவர் மனக் குறையின்றி விற்கட்டும்.

இரண்டாவது, வாடகை ஏற வேண்டியிருந்தால் படிப்படியாக ஏறட்டும். 2000த்தில் நேர்ந்த இடர் வாடகை ஏறியதால் மட்டும் வந்ததன்று, ஒரே பாய்ச்சலில் ஏறியதால் வந்தது. வாடகைக்காரரும் பழைய வாடகையைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரரை நஷ்டத்தில் வைப்பது ஹலாலான லாபம் என்று எண்ண வேண்டாம். ஓடு ஒழுகினால் இருவரும் உட்கார்ந்து செலவைப் பேசட்டும்.

மூன்றாவது, சங்கத்தில் சொந்தக்காரருக்கு ஒரு வோட்டு என்றால் வாடகைக்காரருக்கும் ஒரு வோட்டு இருக்கட்டும். மாடியில் குடியிருக்கும் குடும்பத்துக்கும் இருக்கட்டும். அவர்கள் சீனரானாலும் இந்துவானாலும் தெருக் காரியத்தில் அவர்கள் சொல் நம் சொல்லுக்குச் சமம். புதிதாக வருபவரை முதல் வாரத்திலேயே போய்ப் பார்த்து, ஐந்தடியை அடைக்கக் கூடாது, சாக்கடையில் எண்ணெய் ஊற்றக் கூடாது, இரவில் இன்ன நேரத்துக்கு மேல் சத்தம் ஆகாது, ஜும்ஆ நேரத்தில் வண்டி நிறுத்துவது இப்படி என்று தெருவின் வழக்கத்தைச் சொல்லட்டும். அதே வழக்கம் நம் கடைகளுக்கும் பொருந்தும் என்பதை அவர் கண்ணால் காணட்டும். நம்மவர் ஐந்தடியில் மூட்டை அடுக்கியிருக்க, விடுதிக்காரரின் நாற்காலியை மட்டும் எடுக்கச் சொன்னால் அவர் சிரிப்பார்.

நாலாவதுதான் பெரிது. கடன் தலைக்கு மேல் போனவர், வியாதியில் விழுந்தவர், குமர் காரியம் வைத்திருப்பவர் அதிக விலை தருபவருக்கு விற்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. "விற்காதே" என்று சொல்லும் வாய், வாங்கும் கையையும் நீட்ட வேண்டும். சீனரின் கொங்சிகள் குலத்துக்குப் பொதுவாகக் கடைவீடுகளை வைத்திருப்பதால்தான் அவர்கள் பெயர் அத்தெருக்களில் நிலைத்திருக்கிறது. நம்மால் கூட்டு முதல் போட்டு ஒரு கடைவீட்டை, ஒன்றே ஒன்றை, வாங்கித் தகுந்த வாடகைக்கு ஒரு சிறு தொழிலாளிக்குக் கொடுக்க முடியாதா? வசதி உள்ளவர் ஒருவர் வக்பாக எழுதிவைக்க முடியாதா? முடியும், முடியாது என்பதை நிர்வாகக் கமிட்டி கூடிக் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும். கணக்குப் பார்ப்பது நமக்குப் புதிய வித்தை அல்ல.

இவ்வளவும் செய்தாலும் தெரு மாறத்தான் செய்யும். நம் பிள்ளைகள் எல்லோரும் கல்லாவில் உட்காரப் போவதில்லை. சிலர் டாக்டராவார்கள், சிலர் கடல் கடப்பார்கள். மாற்றத்தைத் தடுக்கச் சங்கம் வேண்டியதில்லை, அது ஆகிற காரியமும் அல்ல. மாற்றம் வரும்போது, ஒருவருக்கும் சொல்லாமல் ஒருவரைத் தெருவில் நிறுத்தாமல் இருக்கிறோமா என்பதே கேள்வி. ஒரு ஏழை தையற்காரர் நம் தெருவில் இன்னும் ஒரு மெஷின் போட்டு உட்கார முடிகிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்போம். முடிகிறது என்றால் தெருவின் குணம் பத்திரமாக இருக்கிறது. முடியவில்லை என்றால், ஓடும் ஜன்னலும் எவ்வளவு அழகாக இருந்தாலும், நாம் காத்தது வெறும் கூடு.

அடுத்த பொதுக் கூட்டத்தில் இந்த நாலையும் ஒவ்வொன்றாக எடுத்து விவாதிக்க வேண்டுமென்று அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஏற்காதவர்கள் தங்கள் நியாயத்தை எழுதி அனுப்பட்டும், இதே பக்கங்களில் வரட்டும். அண்டை வீட்டாரின் ஹக்கை அறிந்து நடக்கும் நல்லெண்ணத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக, ஆமீன்.